முற்றுகைப் பசியும் ஈரலின் கணக்கும்

செஞ்சி இராஜகிரியின் அடிவாரத்திலுள்ள நெற்களஞ்சியத்தைக் காண்போர் கோட்டைக்குள் இருந்தோரின் பசியையே எண்ணுவர். 1690 முதல் 1698 வரை நீடித்த முற்றுகையில், வெளியே இருந்தோரும் பட்டினி கிடந்தனர். 1692-இன் இறுதியில் மராத்தியர் வழிகளை அடைத்ததும் ஸுல்பிகார் கானின் மொகலாயப் பாளையம் தானியமின்றித் தவித்தது. 1693 ஜனவரியில் அவர் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பீரங்கிகளை விரித்துரைக்கும் சரித்திர நூல்கள் இப்பசியை ஒரு வரியில் கடந்துவிடும்.

உணவற்ற அவ்வுடல்களில் கல்லீரல் என் செய்திருக்கும்? உணவை இரத்தமாக்கும் உறுப்பென்றே இப்னு சீனா அதனைக் கருதினார். புரதம் சிதைகையில் எழும் நச்சான அம்மோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றும் சுழற்சியை, 1932-இல் ஜெர்மனியில் கிரெப்ஸும் ஹென்ஸலைட்டும் கண்டறிந்தனர். 1962-இல் அமெரிக்கரான ஷிம்கே, எலிகளுக்குப் புரதத்தைக் கூட்டியும் குறைத்தும் ஊட்டி, அச்சுழற்சியின் ஐந்து நொதிகளும் அதற்கேற்ப ஏறி இறங்குவதைக் காட்டினார்.

வியப்பு இனித்தான். புரதமில்லா உணவை உண்ட எலியிடம் நொதிகள் குறைந்தன. ஏதுமே உண்ணாத எலியிடமோ பெருகின! பட்டினி கிடக்கும் உடல் தன் தசையையே கரைத்து உண்கிறது, தசையும் புரதமல்லவா? அதன் கழிவை அகற்றும் வேலை ஈரலுக்கு மிகுகிறது. மனிதருக்கும் இது பொருந்துமாயின், புரதம் குறைந்த நெற்சோற்றை மட்டும் உண்டு காலம் தள்ளியவனின் ஈரலில் இந்நொதிகள் தணிந்திருக்கும். பாளையத்தில் வெறும் வயிறாய்க் கிடந்த சிப்பாயின் ஈரலிலோ அவை மிகுந்திருக்கும்.