பிரிட்டன் பூஞ்சை

வெவ்வேறு நாடுகளில், சிலர் காலையிலும் சிலர் நள்ளிரவிலும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நன்றி. இன்றைய தலைப்பைக் கேட்ட ஒரு நண்பர், "இலக்கியக் கூட்டத்தில் பியரா?" என்றார். ஒரு கைத்தொழில் அறிவு பிறந்த ஊரில் மறைந்து, வேறு மொழி பேசும் ஊரில் பிழைத்திருந்த கதை இது. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அதில் கவனிக்க நிறைய இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல சிறு பியர் ஆலைகள் தங்கள் பியரை ஓராண்டு, ஈராண்டு என்று ஓக் மரப்பீப்பாயில் முதிரவைத்து விற்கின்றன. சில புட்டிகள் நல்ல ஒயினின் விலைக்குப் போகின்றன. சிலர் இதைப் புதிய மோகம் என்கிறார்கள். சிலர் அறுபடாமல் வந்த தொல்மரபு என்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் இது பலமுறை அறுந்து, வேறு வேறு இடங்களில் முடிச்சுப் போடப்பட்ட கயிறு.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் இருந்து தொடங்குவோம். சுமை தூக்குவோர் விரும்பிக் குடித்ததால் 'போர்ட்டர்' என்று பெயர் பெற்ற கறுத்த பியர் அங்கே பெருகியது. பழுப்பு மால்ட்டில் காய்ச்சிய அந்தப் பியர், புதிதாகக் குடித்தால் புகைவாடையோடு கரகரப்பாக இருக்கும். மாதக்கணக்கில் மரத்தொட்டியில் கிடந்தால் கரகரப்பு அடங்கி, மெல்லிய புளிப்பும் ஒயின் போன்ற மணமும் ஏறும். அப்படி முதிர்ந்ததை ஆங்கிலத்தில் 'ஸ்டேல்' என்றார்கள். இன்று அந்தச் சொல்லுக்கு ஊசிப்போனது, நாட்பட்டது என்று பொருள். அன்று அது பாராட்டு. அதற்கு விலையும் கூடுதல். நம் வீடுகளில் 'பழையது' என்றால் முகம் சுளிப்பவர்களும் உண்டு, காலையில் அதைத் தேடிக் குடிப்பவர்களும் உண்டு அல்லவா? சொல் ஒன்றுதான், காலமும் நாக்கும் மாறுகின்றன.

முதிரவைக்க இடம் வேண்டும், பல மாதங்கள் முடங்கிக் கிடக்கப் பணம் வேண்டும். அவை இருந்த பெரிய ஆலைகள் போட்டிபோட்டுக்கொண்டு ராட்சதத் தொட்டிகளைக் கட்டின. அந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1814 அக்டோபர் 17 காட்டியது. டோட்டன்ஹாம் கோர்ட் சாலை முனையில் இருந்த ஹார்ஸ் ஷூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று நின்றது. அதில் பத்து மாதம் முதிர்ந்த போர்ட்டர், இன்றைய கணக்கில் சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். மாலையில் ஓர் இரும்பு வளையம் கழன்றது. வளையம் கழல்வது அங்கே அடிக்கடி நடப்பதுதான் என்பதால் யாரும் பதறவில்லை. ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறிய வெள்ளம் பின்னால் இருந்த செயின்ட் ஜைல்ஸ் சேரிக்குள் பாய்ந்தது. 8 பேர் இறந்தார்கள். எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். அவர்களில் சிலர், அதற்கு முன்பு இறந்துபோன ஓர் ஐரிஷ் குழந்தையின் சாவுவீட்டில் கூடியிருந்தவர்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்து நிலவறைகளில் குடியிருந்த ஏழைகள்.

விசாரணை இதைத் தற்செயலான விபத்து என்று முடித்தது. வீணான பியருக்குக் கட்டியிருந்த வரியில் 7,000 பவுண்டுக்கும் மேல் ஆலைக்குத் திரும்பக் கிடைத்தது. செத்தவர்களின் குடும்பங்களுக்கு ஆலை எதுவும் தரவில்லை. தெருவில் ஓடிய பியரை மக்கள் அள்ளிக் குடித்துக் கூத்தடித்தார்கள் என்று பிற்காலத்தில் ஒரு கதை கிளம்பியது. அன்றைய செய்தித்தாள்களில் அப்படி எதுவும் இல்லை. ஏழைகள் சாகும் இடத்தில் ஒரு நகைச்சுவையைச் செருகிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். லண்டன் நண்பர்கள் டொமினியன் தியேட்டர் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள், ஆலை இருந்த இடத்தில்தான் அது நிற்கிறது.

தொட்டிகள் மறைந்ததற்கு இந்த விபத்து காரணமில்லை. கணக்குதான் காரணம். ஹைட்ரோமீட்டர் என்ற அளவுகருவி வந்தபின், பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டில் சாறு அதிகம் என்று தெரிந்தது. 1817இல் டேனியல் வீலர் மால்ட்டைக் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கொஞ்சம் போட்டாலே கறுப்பு நிறம் வந்துவிடும். கூடவே மக்களின் நாக்கு புதிய, இளசான பியருக்குத் திரும்பியது. ஒரு வருடம் பணத்தை மரத்துக்குள் பூட்டிவைக்க யாருக்கு மனம் வரும்? அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தொட்டிகள் பெரும்பாலும் கழிக்கப்பட்டன. பரி செயின்ட் எட்மண்ட்ஸில் உள்ள கிரீன் கிங் போன்ற வெகுசில ஆலைகளே பழைய முறையை விடாமல் வைத்திருந்தன.

இந்த இடத்தில் ஒரு டேனியர் வருகிறார். கோபன்ஹேகனில் நியூ கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் இருந்த நீல்ஸ் யெல்ட் கிளாவ்சன். 1883இல் அதே ஊரின் இன்னொரு கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியிருந்தார். உலகமே அந்தத் தூய்மையின் பின்னால் ஓடியது. ஆனால் தூய ஈஸ்ட்டில் காய்ச்சினால் முதிர்ந்த ஆங்கில பியரின் அந்த மணம் வரவில்லை. தொட்டி மரத்தின் துளைகளுக்குள் குடியிருந்து மெதுவாக வேலைசெய்யும் வேறொரு ஈஸ்ட்தான் அந்த மணத்தைத் தந்தது என்று கிளாவ்சன் கண்டுபிடித்தார். 1904இல் லண்டனுக்கே வந்து அதை அறிவித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பிரெட்டனோமைசிஸ். கிரேக்கத்தில் பிரிட்டன் பூஞ்சை என்று பொருள். பெயர்சூட்டு விழா நடந்தபோது அது பிரிட்டனைவிட்டுக் காலிசெய்துகொண்டிருந்தது.

அப்படியானால் அந்த அறிவு எங்கே தங்கியது? பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸில், ரூசலாரா என்ற ஊரில். 1821இல் அங்கே ஆலையை வாங்கிய ரோடன்பாக் குடும்பத்தில் வந்த யூஜின் ரோடன்பாக், இங்கிலாந்துக்குப் போய்ப் பியரை ஓக் தொட்டியில் முதிரவைக்கக் கற்று வந்தார் என்று ஆலையின் வரலாறு சொல்கிறது. 1878இல் அவர் பொறுப்பேற்றார். இன்று அங்கே 294 ஓக் தொட்டிகள் நிற்கின்றன. சில 150 ஆண்டுகளைத் தாண்டியவை. ஆணி கிடையாது, பலகைகளுக்கு நடுவே நாணல் வைத்து, தேன்மெழுகால் அடைக்கிறார்கள். அதற்கென்று தொட்டித் தச்சர்களை ஆலையே வைத்துக் காப்பாற்றுகிறது. ஈராண்டு முதிர்ந்த புளித்த பியரை இளம் பியரோடு கலந்து புட்டியில் அடைக்கிறார்கள். லண்டன் ஆலைகள் கழித்துப்போட்ட வழக்கம் இங்கே அன்றாட வேலை.

பெல்ஜியர்களுக்குச் சொந்த மரபும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலை இருக்கிறது. 1978 முதல் அது அருங்காட்சியகமும்கூட. அங்கே போனபோது நான் அதிக நேரம் நின்றது கூரைக்கடியில் இருந்த அகலமான செப்புத் தொட்டியின் பக்கத்தில். குளிர்காலத்தில் சூடான மால்ட் சாற்றை இரவு முழுவதும் அதில் திறந்து வைக்கிறார்கள். ஈஸ்ட் போடுவதே இல்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பவை வந்து சேர்கின்றன. பீப்பாய்களுக்கிடையே சிலந்திவலைகளைக் கலைப்பதில்லை, பழ ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும். ஒன்று, இரண்டு, மூன்று வயதுப் பியர்களைக் கலந்தால்தான் 'கூஸ்' என்ற பியர் பிறக்கும். எனக்குப் பனைமரம் நினைவுக்கு வந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அங்கேயும் ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை, காற்றும் பழகிய கலயமும் பார்த்துக்கொள்கின்றன. வேறுபாடு நேரத்தில்தான். கள்ளுக்கு ஒரு பகல், இதற்கு மூன்று வருடம்.

இந்த அறிவு அமெரிக்காவுக்குப் போனது மனிதர்கள் வழியாகத்தான். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர், பாடகர் அல்ல, 1977இல் உலகப் பியர்களைப் பற்றி எழுதிய நூல் பெல்ஜியப் பியர்களை ஆங்கில வாசகர்களுக்குக் காட்டியது. 1996இல் ரோடன்பாக் ஆலையிலிருந்து பீட்டர் புக்கார்ட் கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒயின்காரர்கள் கழித்த மரத்தொட்டிகளை வாங்கி நிறுத்தி, 'லா ஃபோலி' என்ற புளிப்புப் பியரை உண்டாக்கினார். கலிஃபோர்னியாவில் ரஷ்யன் ரிவர் ஆலையின் வின்னி சிலுர்ஸோ ஷார்டனே, பினோ நுவார் ஒயின் பீப்பாய்களில் அதே வேலையைச் செய்தார். முன்னவர் தொழிலைக் கையில் கொண்டுவந்தவர். பின்னவர் கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொண்டவர்.

சிகாகோவில் கதை வேறு. போர்பன் விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக்கில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் மலைபோல் குவியும். கூஸ் ஐலண்ட் ஆலையின் கிரெக் ஹால், ஜிம் பீம் பீப்பாய்களில் கறுத்த ஸ்டவுட்டை ஊறவைத்தார். அது நடந்தது 1992 என்று ஆலை சொல்லிவந்தது. பத்திரிகையாளர் ஜோஷ் நோயல் ஆவணங்களைத் தோண்டி, 1995 என்பதே பொருந்துகிறது என்று காட்டினார். 2011இல் ஆலையை ஆன்ஹைசர் புஷ் 3 கோடியே 88 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2015ஆம் ஆண்டுப் புட்டிகள் சில லாக்டோபேசிலஸ் புகுந்து புளித்தன. ஆலை பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அடுத்த ஆண்டிலிருந்து பியரைச் சூடாக்கிக் கிருமிநீக்கம் செய்தது. ரூசலாராவில் அதே இனத்துக் கிருமிகளுக்குத் தொட்டி கட்டி வீடு கொடுத்திருக்கிறார்கள். சிகாகோ ஆலை மரத்திடம் கேட்டது விஸ்கி வாசத்தை மட்டும்தான். மரத்தோடு வரும் உயிர்களோடு குடித்தனம் நடத்த நூறாண்டுப் பழக்கம் வேண்டும்.

கடைசியாக நம் பக்கத்து மரம் ஒன்று. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்தெடுத்த சாராயத்தை ஹல்மில்லா மரத் தொட்டிகளில் முதிரவைப்பார்கள். சென்னைக் கரையின் மசூலா படகுகளுக்கும் அந்த மரம் போனது. ஆங்கில வணிகர்கள் அதற்கு வைத்த பெயர் திருகோணமலை மரம். பிரிட்டன் பூஞ்சை மாதிரி இங்கேயும் ஊரின் பெயர் பொருளில் ஒட்டிக்கொண்டு பயணம் போயிருக்கிறது. ரோடன்பாக்கில் நாணல் வைத்து அடைக்கத் தெரிந்த தச்சர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் தொட்டிகளை இழைத்தவர்கள், மூட்டுகளை அடைத்தவர்கள் என்ன சொற்களைப் புழங்கினார்கள்? இந்தத் திரையில் இருக்கும் யாருடைய தாத்தாவோ பெரியப்பாவோ அந்த வேலையில் இருந்திருந்தால், கேள்வி நேரத்தில் முதலில் நீங்கள் பேசுங்கள். நான் குறித்துக்கொள்ளக் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.