கசகசாச் செடியும் கலங்கிய மனமும்

சிராங்கூன் சாலை தொடங்கும் தேக்காப் பகுதிக்குக் கண்டாங் கெர்பாவ் என்பது பழைய மலாய்ப் பெயர். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். மாட்டு வாணிகம் செய்த தமிழர் பலர் வாழ்ந்த அவ்விடத்தின் அருகே 1862ஆம் ஆண்டில் மனநோயாளர்க்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அந்நாளில் சிங்கப்பூர் அரசின் வருவாயில் பெரும்பங்கு அபின் குத்தகையால் வந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அபின் அறிவை மயக்குவது என்றே நாம் படித்திருக்கிறோம். ஆயின் 19ஆம் நூற்றாண்டிலே செர்மானிய மருத்துவர் சிலர், ஆழ்ந்த மனச்சோர்வுற்றோர்க்கு அதனையே அளவறிந்து மருந்தாக ஈந்தனர். 1950களில் மனச்சோர்வுக்கெனத் தனி மருந்துகள் தோன்றவே அம்முறை மறைந்தது. சிங்கப்பூரிலும் 1946இல் அபின் புகைத்தல் தடை செய்யப்பட்டது.

மறைந்தது மீண்டும் வந்தது, வேறு வடிவில். கசகசாச் செடியின் சாற்றிலுள்ள தெபெயின் என்னும் பொருளிலிருந்து 1966இல் இங்கிலாந்தில் புப்ரினார்ஃபின் உருவாக்கப்பட்டது. முதலில் அது வலி நீக்கும் மருந்து. பின்னர் ஹெராயின் அடிமைகளை மீட்கும் மருந்து. மூளையில் அபின் பற்றும் இடத்தை இதுவும் பற்றும். ஆனால் முழுதும் தூண்டாது. உளத்துயரை விளைப்பதாகக் கருதப்படும் மற்றொரு வாயிலை இது அடைக்கவும் செய்யும். அங்கேதான் மனநோய் மருத்துவரின் நாட்டம் சென்றது. 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், வேறெம்மருந்துக்கும் தணியாத மனச்சோர்வுடைய பதின்மர்க்கு இது தரப்பட்டது. மூவர் பக்க விளைவுகளைத் தாங்காது விலகினர். எஞ்சிய எழுவருள் நால்வர் முற்றும் தெளிந்தனர். பத்துப் பேரைக் கொண்டு முடிவு கூறலாகாது. எனினும் அந்நால்வர்க்கு அது வாழ்வாயிற்று.

சிங்கப்பூர்க்கு இம்மருந்து 2002இல் சுபுடெக்ஸ் என்னும் பெயரோடு வந்தது, ஹெராயினை விட முயல்வோர்க்காக. நாவின் கீழ் வைத்துக் கரைக்க வேண்டிய மாத்திரையைச் சிலர் பொடித்துக் கரைத்து ஊசியால் நாளத்தில் ஏற்றினர். தனியார் மருந்தகங்களிலே எளிதிற் கிடைத்தமையே கேட்டிற்கு வழியாயிற்று. கடுங்கட்டுப்பாடு பிந்தியே வந்தது. 2006 ஆகஸ்டு 14ஆம் நாள் அது ஹெராயினோடு முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டது. அந்த மருந்து எவரை மீட்க வந்ததோ அவருள் பலர் அதற்கே அடிமையாயினர். அரசு வேறென் செய்யும்?

ஆயினும் மனச்சோர்வு ஒழிந்தபாடில்லை. 2016ஆம் ஆண்டின் ஆய்வின்படி சிங்கப்பூரில் 16 பேருள் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதற்கு ஆளாகிறார். அதே ஆண்டில் இசுரேலில், தற்கொலை எண்ணம் மிக்கோர்க்கு மிகச் சிறு அளவில் புப்ரினார்ஃபின் தந்தபோது அவ்வெண்ணம் தணிந்தது. போதைக் களிப்பைத் தடுக்கும் வேறொரு பொருளை அதனோடு கூட்டிச் செய்த மாத்திரையையோ, சான்று போதாதென்று 2019இல் அமெரிக்க அரசு ஏற்க மறுத்தது. சிங்கப்பூரில் புப்ரினார்ஃபின் இன்றும் முதல் வகுப்பிலேயே உள்ளது.