மீந்த கோழிக்கறியின் வரலாறு: ஜல்பிரேசி முதல் கொத்துப் பரோட்டா வரை

ஒரு வேளைக்குச் சமைத்து மீந்த கோழிக்கறியை மறுவேளைக்கு வேறோர் உணவாக மாற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மெக்சிகோவில் அதை உதிர்த்து, மக்காச்சோள ரொட்டியில் மிளகாய்ச் சாறுடன் மடித்தால் டாக்கோ ஆகிறது. தமிழ் வீடுகளில் அது அடுப்பில் சுண்டிச் சுண்டக்கறியாகிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துப் பங்களாக்களில் அதுவே ஜல்பிரேசி எனப்பட்டது.

மலைவாழிடச் சமையலறை

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். மோட்டார் சாலை வந்தது 1910களின் நடுவில்தான். அதுவரை அடிவாரத்திலிருந்து ஆட்களும் பொருள்களும் குதிரைப்பாதை வழியாகவே மேலே சென்றன. அடுக்கம் வழியாகப் பெரியகுளத்தையும் கொடைக்கானலையும் இணைக்கும் இன்றைய சாலையில் பயணம் செய்பவர்கள், சுமை தூக்கி அந்தச் சரிவில் ஏறியவர்களின் உழைப்பை ஊகிக்கலாம். அவ்வாறு வந்து சேர்ந்த பொருளை வீணாக்க யாருக்கும் மனம் வராது.

சமவெளியில் சிக்கல் வேறு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. ஆனால் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம் அது. ஒரு நாள் வாட்டிய முழுக்கோழியில் மீந்ததை மறுநாளே தீர்க்க வேண்டியிருந்தது. வெங்காயத்தையும் மிளகாயையும் கொழுப்பில் வதக்கி, கறித்துண்டுகளைப் புரட்டி எடுத்தால் உணவு தயார். வங்காள மொழியில் ‘ஜால்’ என்றால் காரம். ‘பர்ஹேஜ்’ என்ற பாரசீகச் சொல் பத்தியத்தைக் குறிக்கும். இவ்விரண்டும் இணைந்தே ஜல்பிரேசி என்ற பெயர் உருவானதாகக் கூறுவர்.

பெயரில்லாத சமையற்காரர்

சென்னைப் படையதிகாரி கென்னி ஹெர்பர்ட், ‘வைவெர்ன்’ என்ற புனைபெயரில் 1878இல் சென்னையில் வெளியிட்ட சமையல் நூல், மீந்த இறைச்சியை மறுபடி சமைப்பதையும் பேசுகிறது. அதில் இந்தியச் சமையற்காரர் அனைவருக்கும் ‘ராமசாமி’ என்ற ஒரே பொதுப்பெயர்தான். நூலாசிரியரின் பெயர் நிலைத்தது. அடுப்படியில் நின்று காரத்தின் அளவைக் கண்டறிந்தவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. உணவு வரலாற்றை எழுதப்பட்ட நூல்களை மட்டும் கொண்டு அறிய முயல்வதன் குறை இது.

கொத்தும் டாக்கோவும்

இலங்கையின் கொத்து ரொட்டியும் தமிழ்நாட்டின் கொத்துப் பரோட்டாவும் இதே சிக்கனத்தின் கடைவீதி வடிவங்கள். மீந்த பரோட்டா, கறி, முட்டை, சால்னா ஆகியவை சூடான கல்லில் சேர்த்துக் கொத்தப்படுகின்றன. டாக்கோவுக்கும் இவற்றுக்கும் உறவு தொலைவில் இல்லை. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் இந்தியாவுக்கு வந்தவை. கோழியோ ஆசியாவிலிருந்து ஐரோப்பியர் வழியாக மெக்சிகோவுக்குச் சென்றது.

காரம் காப்பாற்றுமா?

கெட்ட இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மசாலா பயன்பட்டது என்பது பரவலான கருத்து. ஆனால் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சு, கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை, மிளகாயாலும் மாறுவதில்லை. கெட்ட கறியை அப்படி உண்டவர்கள் நோயுற்றிருப்பார்கள். ஆகவே இவ்வுணவுகள் கெட்ட கறிக்காக அல்ல, மீந்த நல்ல கறிக்காகப் பிறந்தவை என்று கொள்வதே பொருந்தும். சமைத்த கோழியை விரைவில் ஆறவைத்துக் குளிரில் வைப்பதும், மறுமுறை ஆவி பறக்கச் சூடாக்குவதும் இன்றும் மாறாத விதிகள்.