மருமகனுக்கு ஒரு கடிதம்

சென்ற வாரம் மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் மாட்டு வண்டியில் கலஹாரிப் பாலைவனத்தைக் கடந்த கதையைப் பார்த்தோம். அந்த வண்டியில் அவருடைய மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த வாரம் அவர்களுக்காகப் பேசிய ஒரு குரலைக் கேட்போம். லிவிங்ஸ்டனின் மாமியார் மேரி மொஃபட்டின் குரல் அது.

1850-இல் கர்ப்பிணி மனைவியையும் பிள்ளைகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நகாமி ஏரிவரை போய் வந்தார் லிவிங்ஸ்டன். வீடு திரும்பிய பின் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்துபோனது. தாய்க்கு முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மறு ஆண்டே மீண்டும் கர்ப்பம், மீண்டும் பயணம். செய்தி எட்டியதும் குருமான் மிஷன் வீட்டிலிருந்து மாமியார் கடிதம் எழுதினார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது போதாதா, மற்றவை தப்பியதே பெரும்பாடு அல்லவா, ஆண்கள் கூட்டத்தோடு ஒரு கர்ப்பிணியைக் காட்டில் இழுத்துக்கொண்டு அலைவது முறைதானா என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதம் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், லிவிங்ஸ்டனே அதைத் தன் நாட்குறிப்பில் படியெடுத்து வைத்ததுதான். ஆனாலும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. 1851 செப்டம்பரில், வழியில் ஓர் ஆற்றங்கரையில் அடுத்த குழந்தை பிறந்தது.

இப்படிக் கேட்கும் தகுதி மேரிக்கு இருந்தது. ஊழியத்துக்காகப் பாடுபடுவது என்னவென்று அவர் யாரிடமும் கேட்டு அறியவேண்டியதில்லை.

1795-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா டக்கின்ஃபீல்டில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். அங்கே தோட்டவேலைக்கு வந்த ஸ்காட்லாந்து இளைஞர்தான் ராபர்ட் மொஃபட். மிஷனரியாக ஆப்பிரிக்கா போகும் அவருக்குப் பெண் கொடுக்கப் பெற்றோர் மறுத்தார்கள். ராபர்ட் 1816-இல் தனியாகவே கப்பல் ஏறினார். மேரி சண்டை போடவில்லை, மனத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. இரண்டரை ஆண்டு காத்திருந்து சம்மதம் வாங்கினார். 1819 டிசம்பர் 27 அன்று கேப் டவுனில் திருமணம். பிறகு மாட்டு வண்டியில் வடக்கே பல வாரப் பயணம்.

செட்ஸ்வானா பேசும் மக்களிடையே முதல் ஆண்டுகள் கொடியவை. மழை பொய்த்தது. மழை வராததற்கு இந்த வெள்ளைக்காரர்கள்தான் காரணம் என்று ஊரார் நம்பினார்கள். ஒருநாள் ஈட்டியோடு வந்து வெளியேறச் சொன்னபோது, கைக்குழந்தையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார் மேரி. மொஃபட் குடும்பத்தார் ஊரைவிட்டுப் போகவில்லை.

அவர் வீட்டுத் தரையைப் பற்றி எழுதிய ஒரு கடிதம் நம் பெண்களுக்கு நன்றாகவே புரியும். தரைக்குச் சாணம் பூசும் வழக்கத்தைக் கண்டு முதலில் முகம் சுளித்தவர், வாரம் ஒரு முறையாவது மெழுகாவிட்டால் இருப்புக்கொள்ளாத நிலைக்கு வந்துவிட்டார். புழுதி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி சாகிறது என்று ஊருக்கு எழுதினார். அந்த மண்ணில் அவர் வேர்விட்டது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆண்டுகள் ஓடியும் ஞானஸ்நானம் பெற ஒருவர்கூட முன்வரவில்லை. அந்த வறட்சிக் காலத்தில், உனக்கு என்ன அனுப்பட்டும் என்று ஷெஃபீல்டிலிருந்து ஒரு தோழி கேட்டு எழுதினார். மாவு கேட்டிருக்கலாம், துணி கேட்டிருக்கலாம். மேரி கேட்டது திருவிருந்துப் பாத்திரங்கள். ஒரு நாள் தேவைப்படும் என்றார். 1829-இல் முதல் ஆறு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களோடு முதல் திருவிருந்து நடக்கவிருந்த வேளையில், வழியில் நெடுநாள் தங்கிய அந்தப் பெட்டி சரியாக வந்து சேர்ந்தது.

ராபர்ட் வேதாகமத்தைச் செட்ஸ்வானாவில் மொழிபெயர்த்தார். 1857-இல் அது குருமானிலேயே முழுதாக அச்சாகி முடிந்தது. ம்ஸிலிகாசி மன்னரைக் காண அவர் ஐந்து முறை நெடும்பயணம் போனார். அந்த மாதங்களிலெல்லாம் மிஷனையும் வீட்டையும் கட்டிக்காத்தது மேரி. பத்துப் பிள்ளைகள் பெற்றார். குழியில் கல் மூடிக் கைவிடப்பட்டிருந்த ஒரு சிசுவையும் எடுத்து வளர்த்தார்.

லிவிங்ஸ்டனை மணந்த மூத்த மகளுக்கும் மேரி என்றே பெயர். நம் ஊரில் இன்னார் அம்மா என்பதுபோல், தலைப்பிள்ளையின் பெயரால் அவளை மா-ராபர்ட் என்று அழைத்தார்கள். 1858-இல் அவள் இன்னொரு பிரசவத்துக்குக் குருமானுக்கே வந்து, அம்மா பக்கத்தில் இருக்கப் பெண் குழந்தை பெற்றாள். நான்கே ஆண்டுகளில், 1862 ஏப்ரலில், சாம்பேசி ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறந்தாள். அதே ஆண்டு மேரியின் மகன் ராபர்ட்டும் போனார். 1864-இல் பேரன் ராபர்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறைபிடிக்கப்பட்டுப் பதினெட்டு வயதில் மாண்டான். 1866-இல் இன்னொரு மகள் ஆன் விதவையானாள். ஒரு தாய்க்கு, ஒரு பாட்டிக்கு, நான்கே ஆண்டுகளில் இத்தனை. அவர் ஊழியத்தை விடவில்லை. 1851 கடிதத்தில் அவர் அஞ்சியதில் ஒரு சொல்கூட மிகையில்லை என்பதே என் முடிவு.

1870 மார்ச்சில் முதியவர்கள் இருவரும் குருமானை விட்டுக் கிளம்பினார்கள். லண்டன் பிரிக்ஸ்டனில், 1871 ஜனவரியில், 75 வயதில் மேரி கண்மூடினார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் எனக்காக ஜெபித்தவள் போய்விட்டாளே என்று கலங்கினார் ராபர்ட்.

1885-இல் மகன் ஜான் பெற்றோரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதன் தலைப்பு, 'ராபர்ட், மேரி மொஃபட் ஆகியோரின் வாழ்க்கை'.