சேற்றுக்குள் உறங்கிய புளிப்பு

பாக்காவ் மரங்கள் நிற்கும் கடலோரச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். நாம் சுவாசிக்கக் காற்று வேண்டும். அவற்றுக்கோ கடல்நீரிலுள்ள சல்பேட் உப்பே போதும். காற்றுப் புகாத சேற்றில் அந்த உப்பைக் கொண்டே வாழ்ந்து, நாறும் வாயுவை வெளிவிடுகின்றன. ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்யரிங்க் 1895-இல் இவற்றைக் கண்டறிந்தார்.

அந்த வாயுவிலுள்ள கந்தகம் மண்ணின் இரும்போடு கூடிப் பைரைட் என்னும் தாதுவாகிறது. நீருக்கடியில் கிடக்கும்வரை அதனால் தொல்லையில்லை.

மலாயாவின் மேற்குக் கரையில் சதுப்பைச் சுற்றி வரப்புக் கட்டி, வடிகால் வெட்டித் தோட்டம் போட்டபோதுதான் வினை வந்தது. நீர் வடிந்த மண்ணில் காற்றுப் புகுந்தது. உடனே வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் விழித்துக்கொண்டது. இரும்பிலும் கந்தகத்திலும் உயிர்வாழும் கூட்டம் அது! அதன் வேலையால் பைரைட் கந்தக அமிலமாயிற்று. வடிகால் கரையில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் படிந்தது, செம்பனை வாடியது. மரம் வாடினால் உரம் போட்டவரைக் குறை சொல்வது எளிது. இன்னும் ஆழமாக வெட்டச் சொல்வதும் எளிது. ஆழ வெட்ட வெட்டப் புளிப்புத்தான் கூடும்!

இரும்பை உண்ணும் உயிர்களை அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் 1947-இல் அடையாளம் கண்டார்கள். மலாயாவின் புளிப்பு மண்ணில் செம்பனை படும் பாட்டைப் பற்றிய ஆய்வு 1968-இல் வெளிவந்தது. அதன்பின் வழி தெளிவாயிற்று: வடிகாலை அடைத்து, பைரைட் இருக்கும் அடுக்கு மூழ்கும்படி நீரைத் தேக்குவது, மழைக்காலத்தில் திறந்துவிட்டுப் புளித்த நீரைக் கழிப்பது, மறுபடியும் அடைப்பது.