வெள்ளி நைட்ரைடு

வெள்ளி நைட்ரைடு (Ag₃N) என்பது மூன்று வெள்ளி அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த, மிகவும் நிலையற்ற வெடிக்கும் சேர்மம். கருநிறத் திண்மம், நீரில் மிகக் குறைவாகவே கரையும். வலிமையான முப்பிணைப்பு கொண்ட நைட்ரஜன் வாயுவாக மாறும்போது பெரும் ஆற்றல் வெளிப்படுவதால், இது வெள்ளியாகவும் நைட்ரஜனாகவும் திடீரெனச் சிதைகிறது. உரசல், சிறு அதிர்வு, வெப்பம் ஆகியவை போதும். ஈரமாக இருந்தாலும் வெடிக்கலாம். பிரெஞ்சு வேதியியலர் பெர்தோலே 1788-இல் இதை விவரித்தார். வெள்ளி ஃபுல்மினேட் (AgCNO) வேறு சேர்மம்; இரண்டையும் குழப்பிக்கொள்வது பழைய நூல்களிலும் உண்டு.

இதனைப் பொதுவாக எவரும் விரும்பித் தயாரிப்பதில்லை. மேனிலைப்பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் ஆல்டிஹைடுகளைக் கண்டறியும் வெள்ளி ஆடிச் சோதனையே இது தற்செயலாக உருவாகும் முக்கிய வாய்ப்பு. அதற்குப் பயன்படும் டாலன்ஸ் வினைப்பொருள், வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் கலந்த கரைசல். மீந்த கரைசலைப் புட்டியில் சேமித்து வைத்தால் நாளடைவில் கரும்படிவு தோன்றும். கரைசல் வற்றி விளிம்பில் உலரும் படிவு, மூடியைத் திருகும்போதே வெடிக்கக்கூடும். தெறிக்கும் கண்ணாடித் துண்டுகள் கண்ணையும் கையையும் சிதைக்கும்.

ஆகவே வினைப்பொருளைத் தேவைக்கு மட்டும், சோதனை நேரத்தில் தயாரிக்க வேண்டும். சோதனை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அமிலப்படுத்தி, வெள்ளிக் கழிவுக் கலத்தில் சேர்க்க வேண்டும். கரும்படிவு கண்ட பழைய புட்டியைத் தொடாமல், அறையை விட்டு விலகி, பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.