ஏழு குட்டைச் சங்கு, ஒரு நெட்டைச் சங்கு



போன வாரம் என் தங்கை போன் செய்தாள். மகளும் மருமகனும் சேர்ந்து அவளைச் சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு உல்லாசக் கப்பலில் மூன்று நாள் கூட்டிப் போகிறார்களாம். துணிமணி, முறுக்கு, மாத்திரை எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "அக்கா, கப்பல்ல ஏறினதும் ஏதோ டிரில் இருக்காம். எல்லாரையும் ஒரு இடத்துல நிக்க வெப்பாங்களாம். எனக்குத்தான் முட்டி வலியாச்சே, நான் ரூம்லயே படுத்துக்கட்டுமா? பேருக்குத்தானே நடத்துறாங்க?"

"போடி, மொத ஆளா போய் நில்லு" என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. 38 வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள் நான். வரிசையில் நிற்பது எவ்வளவு சலிப்பு என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அந்தச் சலிப்பு போய்விடும்.

எல்லோருக்கும் தெரிந்த டைட்டானிக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையில் மோதி, 15 அதிகாலையில் மூழ்கியது. கப்பலில் சுமார் 2,200 பேர். உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் மொத்தம் 1,178 பேருக்குத்தான் இடம். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அது குற்றமே இல்லை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகு போதும் என்று 1894-இல் எழுதிய விதி அப்படியே கிடந்தது. டைட்டானிக்கோ 46,000 டன். கப்பல் வளர்ந்துவிட்டது, விதி வளரவில்லை.

சினிமா பார்த்தவர்கள் இதுவரை தெரிந்து வைத்திருப்பீர்கள். நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது இதற்கு அடுத்த கணக்கை. 1,178 பேருக்கு இடம் இருந்தும் பிழைத்தவர்கள் 700 பேருக்குச் சற்று அதிகம்தான். மீதி இடங்கள் காலியாகவே போயின. 65 பேர் உட்காரக்கூடிய முதல் படகு 30 பேர்கூட இல்லாமல் இறங்கியது. 40 பேருக்கான இன்னொரு படகில் இருந்தவர்கள் 12 பேர். படகு பாரம் தாங்குமா என்று இறக்குகிற ஊழியர்களுக்கே சந்தேகம். எந்தப் படகுக்குப் போகவேண்டும் என்று பயணிகளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. வெளிச்சமும் கதகதப்பும் உள்ள பெரிய கப்பலை விட்டு, இருட்டில் தொங்கும் சின்னப் படகில் ஏற முதலில் பலர் மறுத்தார்கள். படகு குறைவு என்பது பாதிக் காரணம். பழக்கம் இல்லாதது மீதிக் காரணம்.

1914 ஜனவரியில் லண்டனில் 13 நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும், கம்பியில்லாத் தந்தியை இரவு பகலாகக் கவனிக்க ஆள் வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். 'சோலாஸ்' என்று இன்று சொல்லப்படும், கடலில் மனித உயிர்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையின் முதல் வடிவம் அதுதான். ஆனால் அதே ஆண்டில் முதல் உலகப் போர் வந்துவிட்டதால் அது திட்டமிட்டபடி நடைமுறைக்கு வரவில்லை. பிறகு 1929, 1948, 1960, 1974 என்று திருத்தித் திருத்தி எழுதினார்கள்.

படகு மட்டும் நிறைய இருந்தால் போதுமா? அதற்கு லூசிடானியா பதில் சொன்னது. 1915 மே 7, அயர்லாந்துக் கரைக்கு அருகில் ஜெர்மன் நீர்மூழ்கியின் குண்டு தாக்கி 18 நிமிஷத்தில் மூழ்கியது. டைட்டானிக் பாடத்தால் அந்தக் கப்பலில் 48 படகுகள் இருந்தன. ஒழுங்காக நீரில் இறங்கியவை 6 மட்டும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்ததால் மறுபக்கப் படகுகள் உள்ளே தளத்தின் மேல் வந்து மோதின. பயணிகளுக்குப் பயிற்சி எதுவும் நடத்தப்பட்டிருக்கவில்லை. உயிர்காப்பு அங்கியைத் தலைகீழாகவும் முன்பின் மாற்றியும் மாட்டியிருந்தவர்கள் பலர். இறந்தவர்கள் சுமார் 1,200 பேர். 18 நிமிஷம் என்பது நம் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டம் நடக்கும் நேரம். அந்த நேரத்துக்குள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. முன்பே தெரிந்ததைத்தான் செய்ய முடியும்.

மூன்றாவதாக ஓர் உல்லாசக் கப்பல். மாரோ காஸில் என்று பெயர். கியூபாவின் ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்தது. 1934 செப்டம்பர் 7 மாலை கேப்டன் திடீரென்று இறந்துபோனார். மறுநாள் விடியற்காலை தீப்பிடித்தது. உதவி கேட்டுச் செய்தி அனுப்புவதில் தாமதம். முதலில் இறங்கிய படகுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கப்பல் ஊழியர்கள். பயணிகள் பலர் உயரத்திலிருந்து குதித்தார்கள். கார்க் அடைத்த அந்தக் கால அங்கி, குதிக்கும் வேகத்தில் தாடையில் மோதிச் சிலர் நினைவிழந்தார்கள். 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உல்லாசமாக வந்தவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பயிற்சிகளைப் பெயரளவில் வைத்திருந்தது விசாரணையில் வெளியே வந்தது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 'சிதம்பரம்' கப்பல் நினைவிருக்கும். ரஜூலாவுக்குப் பிறகு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்து நம் ஜனங்கள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் பயணமும் முடிந்தது. ஆகையால் இது வெள்ளைக்காரர் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இன்றைக்குத் தங்கை நிற்கப்போகும் வரிசைக்கு நேரடிக் காரணம், நம் காலத்தில் நடந்த ஒரு விபத்து. 2012 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. டைட்டானிக் மூழ்கி நூறு ஆண்டு ஆகப்போகிற வருஷம். கோஸ்டா கான்கார்டியா என்ற இத்தாலியக் கப்பல் ரோமாபுரிக்குப் பக்கத்திலுள்ள சிவிடாவெக்கியா துறைமுகத்திலிருந்து மாலையில் கிளம்பியது. ஊழியர்களும் பயணிகளும் சேர்த்து 4,229 பேர். இரவு 9.45-க்கு, ஜீலியோ தீவுக்கு மிக நெருக்கமாகப் போய்ப் பாறையில் மோதியது. மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். மின்சாரக் கோளாறு, பயப்பட வேண்டாம் என்று அறிவித்தார்கள். அபாயச் சங்கு ஊத முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் சாய ஆரம்பித்துவிட்டது.

அன்று அந்தத் துறைமுகத்தில் புதிதாக ஏறியவர்கள் மட்டும் சுமார் 700 பேர். அவர்களுக்குப் பயிற்சி மறுநாள் என்று வைத்திருந்தார்கள். அதுவும் சட்டப்படி சரியே! ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. விபத்து அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை, இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டது. கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் 32 பேர் இறந்தார்கள். பயணிகள் இன்னும் உள்ளே இருக்கும்போதே வெளியேறிய கேப்டனுக்கு 2015-இல் 16 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். கடைசியாகக் கண்டெடுக்கப்பட்ட உடல், மும்பையிலிருந்து வேலைக்குப் போன பரிமாறும் பணியாளர் ஒருவருடையது. கிடைத்தது 2014 நவம்பரில். அவர் வீட்டார் கிட்டத்தட்ட மூன்று வருஷம் காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

இனி தங்கைக்கும், கப்பலேறப்போகும் மற்றவர்களுக்கும். என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

ஏறும்போது தரும் அட்டையில் ஓர் எழுத்தோ எண்ணோ போட்டிருக்கும். அதுதான் நீங்கள் கூட வேண்டிய இடம். 'மஸ்டர் ஸ்டேஷன்' என்பார்கள். அறைக் கதவின் உட்பக்கம் அங்கே போகும் வழி வரைபடமாக ஒட்டியிருக்கும். பெட்டியைத் திறக்கும் முன் அதைப் பாருங்கள். ஒருமுறை நடந்தும் பாருங்கள்.

அபாய அறிவிப்பு: ஏழு தடவை குட்டையாகவும், கடைசியில் ஒரு தடவை நீட்டியும் சங்கு ஊதும். உலகமெங்கும் இதே கணக்கு. இதற்கு 'கடலில் குதி' என்று அர்த்தம் இல்லை. 'உன் இடத்துக்கு வந்து நில்' என்று அர்த்தம். கப்பலை விட்டு இறங்கச் சொல்லும் உத்தரவைக் கேப்டன்தான் தனியாகத் தர வேண்டும்.

லிஃப்டில் ஏறக்கூடாது, படிதான். உயிர்காப்பு அங்கி சில கப்பல்களில் அறையில் இருக்கும், சிலவற்றில் கூடும் இடத்திலேயே தருவார்கள். அதில் விசிலும் விளக்கும் இருக்கும். மாட்டுவதை ஊழியர் செய்து காட்டுவார். வாரைத் தொங்கவிட்டு நடந்தால் பின்னால் வருகிறவர் மிதித்து விழுவார். குழந்தைகளுக்குச் சிறிய அளவு வேறு உண்டு, கேட்டு வாங்குங்கள். அங்கியோடு உயரத்திலிருந்து குதிக்கக்கூடாது. மாரோ காஸில் ஞாபகம் இருக்கட்டும்.

2020 கொரோனாவுக்குப் பிறகு பல கப்பல்களில் கூட்டமாக நிற்க வைப்பதில்லை. போனிலோ அறை டிவியிலோ படம் பார்த்துவிட்டு, அவரவர் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் பதிவு செய்துகொள்வார்கள். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்தப் படத்தை ஓடவிட்டுவிட்டு வாட்ஸ்அப் பார்த்தால் என்ன பிரயோஜனம்?

முட்டி வலி உள்ளவர்கள், காது கேளாதவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் ஏறும்போதே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். உதவிக்கு ஆள் குறித்து வைப்பார்கள். தங்கையே, முட்டி வலிக்காரி போகாமல் இருப்பதற்கு அந்த வலி காரணம் ஆகாது. முதலில் போக வேண்டியதற்குத்தான் அது காரணம்.

இத்தனையும் எழுதிவிட்டு, இன்னொன்றை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2004 ஜூலை 16-ஐ நம்மில் யாரும் மறக்க முடியாது. கும்பகோணம். சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். அதன்பின் எல்லாப் பள்ளிகளிலும் கீற்றுக் கூரையை எடுத்தோம். வாளியில் மணல் வைத்தோம். பயிற்சி நடத்திப் பதிவேட்டில் எழுதினோம். முதல் வருஷம் நிஜமாகவே நடத்தினோம். இரண்டாம் வருஷமும். பிறகு ஒரு வருஷம், தேர்வு வேலை, கணக்கெடுப்பு வேலை என்று நேரம் இல்லை. பார்வைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் "பயிற்சி நடத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை, நானாகவே எழுதினேன். பதிவேடு நன்றாக இருக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது.

அந்த வருஷமே ஒரு நாள், மதிய மணி அடிக்கும் முன் சத்துணவுக் கூடத்திலிருந்து புகை வந்தது. எண்ணெய்ச் சட்டி கருகியதுதான், பெரிதாக ஒன்றுமில்லை. ஆயா சாக்கை நனைத்துப் போட்டு அணைத்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு நிமிஷம் என் மூன்றாம் வகுப்பு என்ன செய்தது தெரியுமா? பாதிப் பேர் பையை எடுக்கத் திரும்பினார்கள். பாதிப் பேர் புகை வந்த பக்கத்து வாசலுக்கே ஓடினார்கள். ஒருத்தி பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோ வரிசையாக மைதானத்தில் நின்றார்கள். அவர்கள் சிறு வயதில் நிஜப் பயிற்சி பார்த்தவர்கள். மூன்றாம் வகுப்புக்கு என் கையெழுத்து மட்டும்தான் கிடைத்திருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளே பயிற்சி நடத்தினேன். ஓய்வு பெறும் வரை ஒரு பருவம்கூட விடவில்லை. அந்தப் பதிவேட்டு விஷயத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைய மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் இப்போது கப்பலிலேயே வேலை பார்ப்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகளே, அது உங்கள் டீச்சர் செய்த தவறு. மன்னியுங்கள்.

அதனால்தான் தங்கை "பேருக்குத்தானே நடத்துறாங்க" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பேருக்கு நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். அதைக் கையெழுத்துப் போட்டுச் செய்தவள் நான்.

கப்பலிலோ, விமானத்திலோ, ஆபீசிலோ யாராவது "இங்கே வந்து நில்லுங்கள், வழி காட்டுகிறோம்" என்றால் போய் நில்லுங்கள். ஆசிரியர்களாக, மேலாளர்களாக இருப்பவர்கள் நடத்தாததை நடத்தியதாக எழுதாதீர்கள்.

தங்கை சனிக்கிழமை கப்பலேறுகிறாள். அங்கி மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்